பரணில் இருக்கிறது ஊர்: வரலாற்று மன்றம் தொடங்கி நடத்த ஒரு முழு வழிகாட்டி

பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பு நடக்கும். பரணில் கிடக்கிற சாமானெல்லாம் திண்ணைக்கு வரும். அண்டாவும் மரக்காலும் துலக்கி மறுபடி மேலே ஏறிவிடும். காகிதம் மட்டும் ஏறாது. பழைய பேப்பர்க்காரர் தராசோடு தெருமுனையில் காத்திருப்பார். அப்படி எடைக்குப் போக இருந்த ஒரு காகிதக் கட்டை, சில வருடங்களுக்கு முன்பு பத்து ரூபாய் கூடப் போட்டு வாங்கிவந்தேன். மூன்று மொய் நோட்டு, ஒரு நாடக நோட்டீஸ், ரங்கூனிலிருந்து வந்த ஆறு கடிதங்கள். பெரிய புதையல் என்று நினைத்துப் பிரித்த பிறகுதான் உறைத்தது, அது யார் வீட்டுக் கட்டு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பேப்பர்க்காரருக்கும் நினைவில்லை. அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் 'அத்தாச்சி' யார், எந்தத் தெரு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காகிதம் பிழைத்தது. அது எங்கிருந்து வந்தது என்ற ஒற்றை வரி பிழைக்கவில்லை. அந்த வரி இல்லாத காகிதம் பாதிக் காகிதம். ஊர் வரலாற்று மன்றம் என்று ஒன்று தேவைப்படுவதே அந்த ஒற்றை வரிக்காகத்தான் என்பது என் கட்சி. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவது. புதுக்கோட்டைச் சீமையை மனத்தில் வைத்துத்தான் கீழே எழுதுகிறேன். உங்கள் மாவட்டத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: எதைச் செய்யமாட்டோம் என்று எழுதி வையுங்கள்

புதிதாக மன்றம் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் கூட்டத்திலேயே அருங்காட்சியகம் கட்டப் பேசுவார்கள். வேண்டாம். கட்டடம் என்றால் வாடகை, பூட்டு, கரையான், மின்கட்டணம், சாவி யாரிடம் என்ற சண்டை. பொருளை வாங்கி வைத்தால் பொறுப்பும் உங்கள் தலையில். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை, செப்பேடு, நாணயம் போன்றவை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. சுவடிகளுக்கு 75 வருடமே எல்லை. இதையெல்லாம் ஒரு மன்றத்தின் பீரோவில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே முதல் விதி: வாங்காதே, படி எடு, அன்றைக்கே திருப்பிக் கொடு. இந்த விதி ஊருக்குத் தெரிந்துவிட்டால் போதும், பெட்டி தானாகத் திறக்கும்.

இரண்டாவது, தோண்டாதீர்கள். உரிமம் இல்லாத அகழாய்வு குற்றம். கிணறு வெட்டும்போதோ ஜேசிபி வைக்கும்போதோ தாழியோ காசோ கிடைத்தால், இருந்த இடத்திலேயே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. தெரிவிப்பதால் உடனே ஏதும் நடக்காமல் போகலாம். கீழடியில் 1970-களிலேயே ஒரு பள்ளி ஆசிரியர் தன் மாணவர்கள் கொண்டுவந்த பழம்பொருள்களைக் கவனித்துச் சொன்னார். மத்தியத் தொல்லியல் துறை அங்கே குழி போட்டது 2015-ல். ஆனாலும் சொன்னது வீண்போகவில்லையே.

மூன்றாவது, நிலத் தகராறுக்குச் சாட்சி சொல்ல மாட்டோம் என்பது. பழைய பத்திரம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்ட மறுநிமிடம் எதிரில் இருப்பவர் மனத்தில் ஓடுவது பட்டாதான். 'எந்தப் பங்காளி அனுப்பினான் உங்களை?' என்று என்னிடம் ஒரு பெரியவர் நேராகவே கேட்டார். ஆதலால் நிலப் பத்திரத்தை முதல் இரண்டு வருடம் கேட்கவே கேட்காதீர்கள். தானாகக் கொடுத்தால் வாங்கிப் பாருங்கள்.

நான்காவது எல்லாவற்றையும்விடக் கடினம். எங்கள் சாதிதான் இந்த ஊரை ஆண்டது என்று நிரூபிக்க ஒரு மன்றம் வேண்டும் என்று யாராவது நன்கொடையோடு வருவார்கள். அந்தப் பணத்தை வாங்கினால் அத்தோடு மன்றம் முடிந்தது.

இரண்டாம் படி: ஏழு பேர்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். சட்டம் கேட்பதற்காக இல்லாவிட்டாலும் ஏழு நல்ல எண்ணிக்கை. ஒரு திண்ணையில் உட்காரலாம்.

அந்த ஏழு பேர் யார்? ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எப்படியும் வந்துவிடுவார். அவரைத் தேட வேண்டியதில்லை. தேட வேண்டியவர்கள் வேறு. பழைய கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) குடும்பத்து ஆள் ஒருவர். பரம்பரை மணியம், கர்ணம் பதவிகளை 1980-ல் அரசு ஒழித்தபோது ஒப்படைக்காமல் வீட்டில் தங்கிப்போன கணக்குகள் பல ஊர்களில் உண்டு. அவற்றின் மொழியைப் படிக்கத் தெரிந்தவர்களும் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர் ஒருவர். கணினி தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒன்று. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் இருவராவது வேண்டும். ஊரில் பிறந்தவர்களுக்குக் கண்ணில் படாத வழக்கங்கள் வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் விநோதமாகத் தெரிந்து மனத்தில் நிற்கும்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் 'ஊர்' என்ற சொல்லே ஊர்த்தெருக்களை மட்டும் குறிப்பது. காலனி அதற்கு வெளியே. அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு 'ஊர் வரலாறு' எழுதினால் பாதி ஊர் விட்டுப்போகும். காலனியிலிருந்து ஒருவரைப் பெயருக்குச் சேர்ப்பதில் பயனில்லை. முதல் ஆறு கூட்டங்களில் குறைந்தது இரண்டு அங்கே நடக்கட்டும். எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்க முடிந்தது, பள்ளிக்கூடத்தில் எங்கே உட்கார வைத்தார்கள், எந்த வருடம் எந்தத் தெரு வழியாக முதல்முறை சைக்கிளில் போனார்கள் என்பதெல்லாம் வரலாறுதான். சபையில் சங்கடம் வரும். வரட்டும்.

மூன்றாம் படி: பதிவும் பணமும்

பணம் புழங்க ஆரம்பித்தால் பதிவு செய்துவிடுவது நல்லது. சங்க விதிகளை எழுதி, உறுப்பினர் பட்டியலோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பிறகு பான் எண், வங்கிக் கணக்கு. சங்கங்கள் செத்துப்போவது வருடாந்தரக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்யாததால்தான். ஆகவே பொருளாளராகப் பேச்சாளரைப் போடாதீர்கள், கடைக்காரரைப் போடுங்கள். விதிகளில் மறக்காமல் ஒரு பிரிவு: மன்றம் கலைந்தால் படிகளும் பதிவேடும் எந்த நூலகத்துக்குப் போகும் என்பது. தொடங்கும்போதே எழவைப் பேசுவானேன் என்று யாராவது முகம் சுளிப்பார்கள். எழுதுங்கள்.

நான்காம் படி: அச்சில் இருப்பதை முதலில் தேடுங்கள்

ஒரு கல்வெட்டைப் 'புதிதாகக் கண்டுபிடித்து' செய்தித்தாளுக்குக் கொடுத்துவிட்டு, அது நூறு வருடத்துக்கு முன்பே படிக்கப்பட்டது என்று பிறகு தெரிந்து அசடு வழிந்தவர்கள் உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் வருகின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890-ல் வந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-லேயே தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை மூலவாசகமாக அச்சிட்டுவிட்டது. உங்கள் ஊர்ப் பெயரை, பழைய எழுத்துக்கூட்டல்களோடு, இவற்றில் முதலில் தேடுங்கள். பிறகு மாவட்டக் கையேடுகள், கெசட்டியர்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தேர்ந்தெடுத்த சில கிராமங்களைப் பற்றித் தனித்தனிப் புத்தகமே போட்டார்கள். உங்கள் ஊர் அதில் இருந்தால் அதிர்ஷ்டம்.

அதற்கும் முன்னால், சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களைக் கொண்டே கிராமங்களைக் கணக்கெடுக்க வைத்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. அதே கிராமங்களைப் பின்வந்தவர்கள் மீண்டும் மீண்டும் போய்க் கணக்கெடுத்ததால் யார் நிலம் வைத்திருந்தார்கள், கூலி என்ன என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்க்க முடிகிறது. நம் மன்றம் இன்றைக்கு எடுக்கும் சாதாரணக் கணக்கும் (எத்தனை மாடு, எத்தனை ஓட்டு வீடு, டீ என்ன விலை) அறுபது வருடம் கழித்து அப்படித்தான் பயன்படும்.

ஆவணக்காப்பகத்துக்குப் போகும் முன் உங்கள் ஊர் எந்தக் காலத்தில் எந்த நிர்வாகத்தின் கீழ் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை 1948 மார்ச் வரை சமஸ்தானம். பிறகு திருச்சி மாவட்டத்தின் பகுதி. 1974 ஜனவரியில்தான் தனி மாவட்டம். இன்றைய மாவட்டத்தில் அறந்தாங்கிப் பக்கமோ முன்பு தஞ்சாவூரைச் சேர்ந்தது. ஆக, பக்கத்துப் பக்கத்து ஊர்களின் பழைய காகிதம் வேறுவேறு இடத்தில் கிடக்கும். சமஸ்தானம் அல்லாத பகுதிகளுக்கு 1860-களின் இனாம் பதிவேடுகளும் நில அளவை, தீர்வைப் பதிவேடுகளும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் தேட வேண்டியவை. கோயிலுக்கும் சத்திரத்துக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் யார் என்ன மானியம் விட்டார்கள் என்பதற்கு இனாம் பதிவேட்டை மிஞ்சிய சான்று கிடையாது.

ஐந்தாம் படி: வரவுப் பதிவேடு

மன்றத்தின் சொத்து என்று நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். தடிமனான, தையல் போட்ட, பக்க எண் அச்சிட்ட கணக்குப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். கணினியில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். முதல் பதிவு கையால், நீலக் கறுப்பு மையில்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண்: வருடம், வரிசை எண். 2025-ல் பதினேழாவதாக வந்த கட்டு என்றால் 2025-017. அந்தக் கட்டில் மூன்றாவது கடிதம் 2025-017-03. அவ்வளவுதான். 'கடிதம்-பழையது-புதியது-கடைசி' என்று கோப்புக்குப் பெயர் வைக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். எண்ணுக்கு எதிரே எழுத வேண்டியவை: வந்த தேதி, கொடுத்தவர், அவர் வீடு, அவருக்கு எப்படிக் கிடைத்தது, பெட்டியில் எந்த வரிசையில் இருந்தது, என்ன பொருள், என்ன நிபந்தனையில் கொடுத்தார், எப்போது திருப்பிக் கொடுத்தோம், வாங்கியவர் கையெழுத்து.

'அவருக்கு எப்படிக் கிடைத்தது' என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். 'எங்க அம்மாயி ட்ரங்குப் பெட்டியில் இருந்தது, அம்மாயிக்கு ஊர் ஆலவயல்' என்று அவர் சொன்னபடியே எழுதுங்கள். நிபந்தனைக் கட்டமும் முக்கியம். கடிதங்களில் கடன் இருக்கும், தத்து இருக்கும், ஓடிப்போன கதை இருக்கும். 'இருபது வருடத்துக்கு யாரும் பார்க்கக் கூடாது' என்று குடும்பம் சொன்னால் உறையில் எழுதி ஒட்டி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

ஆறாம் படி: வீடு வீடாக

வெறுங்கையோடு போய் 'வரலாற்று ஆவணம் இருக்கிறதா' என்று கேட்டால் 'எங்ககிட்ட அதெல்லாம் ஏதுங்க' என்பார்கள். பொருளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை இருக்கா? கருமாதிப் பத்திரிகை? கும்பாபிஷேக நோட்டீஸ்? டூரிங் டாக்கீஸ் பிட் நோட்டீஸ்? பர்மா, மலேயா, சிலோன் கடிதம்? பழைய பாஸ்போர்ட்? கடைச் சிட்டை? ரேஷன் கார்டு? குரூப் போட்டோ?

எங்கள் பக்கத்தில் நான் முதலில் கேட்பது மொய் நோட்டு. கீரமங்கலம், பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து நாடறிந்தது; மற்ற ஊர்களிலும் கல்யாணம், காதுகுத்து மொய் நோட்டைத் தூக்கி எறிய மாட்டார்கள், திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அதில் இருக்கிறதே. ஒரே நோட்டில் ஒரு குடும்பத்தின் உறவு எத்தனை ஊருக்கு விரிந்திருந்தது, எந்தச் சாதியார் எந்தச் சாதியார் விசேஷத்துக்கு வந்தார்கள், எட்டணா எப்போது ஒரு ரூபாய் ஆனது, யார் பணமாகவும் யார் நெல்லாகவும் செய்தார்கள் என்று எல்லாம் இருக்கும். கல்வெட்டில் அரசன் இருப்பான். மொய் நோட்டில் அண்டை அயலார் இருப்பார்கள்.

குப்பை எது, ஆவணம் எது என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு அழைப்பிதழ், நோட்டீஸ், கடிதம் என்று கையில் கிடைத்த அச்சுத்தாளையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமானது. அவர் ஒதுக்கித் தள்ளியிருந்தால் இன்று அவற்றில் பலவற்றுக்கு வேறு படி கிடையாது.

படி எடுப்பது அந்த வீட்டுத் திண்ணையிலேயே நடக்கட்டும். வெயில் நேரே படாத, வெளிச்சம் உள்ள இடம். கீழே சாம்பல் நிறத் துணி, பக்கத்தில் ஒரு அடிக்கோல், ஒரு சீட்டில் பதிவு எண். போனை நேர்மேலே பிடிக்கச் சின்னத் தாங்கி ஒன்று தச்சரிடம் செய்துகொள்ளலாம். பின்பக்கத்தையும் எடுங்கள், போட்டோவின் பின்பக்க ஸ்டூடியோ முத்திரை பாதிக் கதை சொல்லும். மின்வருடி (ஸ்கேனர்) இருந்தால் காகிதத்துக்கு 300 டி.பி.ஐ., சிறிய போட்டோக்களுக்கு 600. எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

கையாள்வதற்குச் சுத்தமான, உலர்ந்த கை போதும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவது நம் ரத்தத்தில் ஊறியது, அதை மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாகக் கழற்றிப் பருத்தி நூலால் கட்டுங்கள். செல்லோடேப் போடவே கூடாது. அதைவிடப் பெரிய எதிரி லேமினேஷன். பாட்டனார் போட்டோவை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டால் பத்திரம் என்று ஊரே நம்புகிறது. சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி பிரிக்க வழியில்லை. உள்ளே காகிதம் வெந்துகொண்டே இருக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்தில் கூரையோடு எத்தனையோ பெட்டிகளும் நனைந்தன. நனைந்த போட்டோக்களை ஒன்றிலிருந்து ஒன்று உரித்து எடுத்து மொட்டை வெயிலில் போட்டவர்கள் படத்தையே இழந்தார்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் சுத்தமான தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டுத் தானாகப் பிரிய விட வேண்டும். பிறகு நிழலில், முகம் மேலே பார்க்க, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். மையால் எழுதிய கடிதத்தைத் தண்ணீரில் போடாதீர்கள். பழைய செய்தித்தாளில் வைத்தால் அச்சு மை ஒட்டும், வெள்ளைத்தாள் இடையிட்டு உலர்த்துங்கள். ஓலைச்சுவடி கண்ணில் பட்டால் தேங்காயெண்ணெய் தடவும் ஆசையை அடக்கிக்கொண்டு, படம் மட்டும் எடுத்துவிட்டுத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகச் சுவடித்துறையையோ சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ கேளுங்கள்.

ஏழாம் படி: காலத்தைக் கணிப்பது

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. பழைய காகிதத்தில் ஆங்கிலத் தேதி இருக்காது. பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி ஜூலையில் பிறக்கும், 1434 என்றால் 2024 ஜூலை தொடங்கி அடுத்த ஜூன் வரை. சக ஆண்டுக்கு 78. தெற்குச் சீமைக் காகிதங்களில் கொல்லம் ஆண்டு வரும், 825 கூட்டினால் ஒரு வருட வித்தியாசத்துக்குள் கிடைத்துவிடும். தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால்தான் வம்பு, அறுபது வருடத்துக்கொருமுறை சுற்றி வரும். 'குரோதி வருஷம் மார்கழி' என்பது 1904-ஆகவும் இருக்கலாம், 1964-ஆகவும் இருக்கலாம்.

அப்போது துப்பறிய வேண்டும். ரூபாய், அணா, பை என்ற பழைய காசுக் கணக்கு இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்று இருந்தால் அதற்குப் பின், சுமார் 1964 வரை. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின்தான். 'மதராஸ் ராஜ்யம்' என்று இருந்தால் 1969-க்கு முன். அச்சிட்ட நோட்டீஸில் லை, னை, ணை எல்லாம் துதிக்கை போட்டு நின்றால் 1978-ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று நினைக்கலாம். ஆனால் சின்ன அச்சகங்கள் பழைய ஈய எழுத்தை அதற்குப் பின்னும் தேயும்வரை ஓட்டின, ஆகவே இதை மட்டும் நம்பாதீர்கள். எழுதும்போது 'சுமார் 1955–57, காரணம்: அணாக் கணக்கு, பேனா மை' என்று காரணத்தோடு எழுதுங்கள். நாளை இன்னொருவர் வந்து உங்களைத் திருத்த அந்தக் காரணம்தான் பிடிமானம்.

எட்டாம் படி: பெரியவர்களின் பேச்சு

காகிதம் பரணில் இன்னும் பத்து வருடம் இருக்கும். எண்பது வயது மனிதர் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே வேலையைப் பிரிக்கும்போது பேச்சுப் பதிவுக்கு முதலிடம் கொடுங்கள்.

இரண்டு பேர் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் கருவியைப் பார்க்க. போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், பதிவில் கடகடவென்று அதுதான் கேட்கும். ஒரு சட்டைப்பை ஒலிவாங்கி வாங்குவது மன்றத்தின் முதல் செலவாக இருக்கலாம். முதல் நிமிடத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், பதிவு செய்யச் சம்மதம் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மறுபடி போவதற்கு ஒரு காரணம் மிச்சம் இருக்கட்டும்.

'உங்கள் இளமைக்காலம் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் 'அந்தக் காலம் மாதிரி வராது தம்பி' என்று முடித்துவிடுவார். சின்னதாகக் கேளுங்கள். உங்க தெருவுக்குக் கரண்ட் வந்தப்போ முதல்ல யார் வீட்ல போட்டாங்க? கண்மாய் மீன்பிடி ஏலம் யார் பேர்ல எடுப்பாங்க? மடை திறக்கிறது யாரு, அவருக்கு என்ன கொடுப்பாங்க? உங்களுக்குச் செருப்பு முதல்ல யார் வாங்கிக் கொடுத்தா? ரங்கூனிலிருந்து குண்டுக்குப் பயந்து நடந்தே வந்தவங்க யாராவது உங்க வீட்ல உண்டா? 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு காடு வழியே நடந்து வந்தவர்களைப் பற்றிய பேச்சு எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னும் மிச்சமிருக்கிறது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள் பேச்சும் அப்படித்தான்.

வருடம் கேட்டால் தடுமாறுவார்கள். 'தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலயா பின்னாலயா? எம்ஜிஆர் செத்தப்போ உங்க மூத்த பிள்ளைக்கு என்ன வயசு?' என்று நங்கூரம் போட்டுக் கேளுங்கள். 1964 டிசம்பரும் 1987 டிசம்பரும் நமக்குத் தெரியும். மிச்சத்தை விரல்விட்டுக் கணக்கிடலாம்.

ஆண்கள் திண்ணையில் பேசுவார்கள், பெண்கள் உள்ளே இருந்து திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தையும் சேர்த்துப் பதியுங்கள். அடுத்த தடவை அவர்களிடமே போங்கள், பெண்கள் இருவராகப் போவது நல்லது. எழுத்தில் பெயர்க்கும்போது பேச்சைச் செந்தமிழாக்காதீர்கள். 'வெள்ளாமை வெளையல' என்றவர் வாயில் 'விளைச்சல் பொய்த்தது' என்று போட்டால் அது அவர் சாட்சி இல்லை, உங்களுடையது.

இதோடு ஒட்டியே வயற்பெயர் வரைபடம் ஒன்றைச் செய்யுங்கள். கிராம வரைபடத்தைப் பெரிதாகப் படியெடுத்து டீக்கடைப் பலகையில் விரித்தால் கூட்டம் கூடிவிடும். புல எண்ணுக்குப் பதில் ஒவ்வொரு செய்யையும் (வயலையும்) ஊரார் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று எழுதுங்கள். சத்திரம் இடிந்து மண்ணானாலும் 'சத்திரத்துச் செய்' இருக்கும்; பாதை மறைந்தாலும் 'வண்டிப்பாதை மேடு' இருக்கும். பிளாட் போட்டு 'நகர்' ஆக்கிவிட்டால் அந்தப் பெயர்களும் போய்விடும்.

ஒன்பதாம் படி: கல்

கோயில் சுவர், நடுகல், சுமைதாங்கி, எல்லைக்கல், கண்மாய்க் குமிழி (தண்ணீர் திறக்கும் மடை), பாலம். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் நிற்கும் குமிழித்தூம்புத் தூண்களில் அதைச் செய்வித்தவர் பெயர் வெட்டியிருப்பது உண்டு. கோடையில் தண்ணீர் வற்றும்போதுதான் படிக்க முடியும், நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ சாக்கட்டியோ பெயின்ட்டோ தடவாதீர்கள். கம்பிப் பிரஷ் கூடவே கூடாது. இருட்டிய பின் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் ஒன்றுமே தெரியாத கல்லில் எழுத்துகள் எழுந்து நிற்கும். அப்படியே பல கோணங்களில், ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, அடிக்கோலோடு படம் எடுங்கள். மைப்படி எடுப்பது தனிக் கலை. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மை ஒத்தி எடுப்பது. ஒருமுறையாவது தெரிந்தவரோடு நின்று கற்றுக்கொள்ளாமல் செய்யக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் துறையின் அனுமதியும், அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரின் அனுமதியும் எழுத்தில் வேண்டும்.

கல்வெட்டுக்குப் பகை காலம் மட்டுமில்லை, திருப்பணியும்தான். மணல் பீய்ச்சிச் சுவரைப் 'பளிச்' ஆக்குவதும், அடித்தளத்தை மறைத்து டைல்ஸ் ஒட்டுவதும், கற்களைப் பிரித்து எண் போடாமல் திரும்ப அடுக்குவதும் பக்தியோடு நடக்கிற அழிவு. பாலாலயம் (திருப்பணி தொடங்கும் முன் நடக்கும் சடங்கு) என்று பேச்சு அடிபட்ட அன்றே போய் மொத்தச் சுவரையும் படமெடுத்துவிடுங்கள். திருப்பணிக் கமிட்டியோடு சண்டை போடாமல், அவர்களில் ஒருவரை மன்றத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தலபுராணத்தை மறுத்துப் பேச வேண்டிய அவசியமும் இல்லை. புராணம் என்ன சொல்கிறது என்று ஒரு பக்கம், கல் என்ன சொல்கிறது என்று ஒரு பக்கம் எழுதினால் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

பத்தாம் படி: சேமிப்பு

மூன்று படிகள், இரண்டு வன்தட்டுகளில் இரண்டு வெவ்வேறு வீடுகளில், ஒன்று இணையத்தில். இரண்டு வீடும் ஒரே தெருவில் இருக்க வேண்டாம், புயலுக்குத் தெரு தெரியாது. மூலப் படத்தை டிஃப் வடிவிலும் பார்வைக்கு ஜேபெக் வடிவிலும், ஒலியை வேவ் வடிவிலும் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஆயுதபூஜை அன்று என்று வைத்துக்கொள்ளலாம், வன்தட்டுகளைத் திறந்து கோப்புகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பொதுவில் வைக்கக்கூடியதை இணைய ஆவணக் களஞ்சியத்திலும் விக்கிமீடியா பொதுவகத்திலும் ஏற்றலாம். எழுத்தாக்கத்துக்கு ஆசிரியர் இறந்து 60 வருடம் வரை காப்புரிமை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த வடு உள்ள சமூகத்தில் 2005-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களோடு சிற்றிதழ், மலர், துண்டறிக்கை என்று இணையத்தில் ஏற்றியிருப்பதைப் பாருங்கள். எண்ணிடுவதும் வகைப்படுத்துவதும் எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடம் தமிழில் இல்லை.

பதினொன்றாம் படி: ஊருக்குக் காட்டுவது

திருவிழாவில் பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றைக் கேட்டு வாங்கி, எடுத்த போட்டோக்களைப் பெரிதாக அச்சிட்டுத் தொங்கவிடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு டிரேசிங் தாள், நூலில் கட்டிய பென்சில். 'இதில் உங்களுக்குத் தெரிந்த முகம் இருந்தால் பெயர் எழுதுங்கள்.' எங்கள் மன்றத்தில் இப்படிச் செய்தபோது, ஒரு வருடம் அலைந்தும் கிடைக்காத பெயர்கள் மூன்றே நாளில் வந்து சேர்ந்தன. ஒரே முகத்துக்கு இரண்டு பெயர் எழுதி இரண்டு குடும்பங்கள் வாக்குவாதமும் செய்தன. இரண்டையும் பதிவேட்டில் ஏற்றினோம்.

புத்தகம் போட அவசரப்பட வேண்டாம். பன்னிரண்டு பழைய படங்களோடு மாதக் காலண்டர் போடுங்கள்; புத்தகம் அலமாரிக்குப் போகும், காலண்டர் வருடம் முழுக்கச் சுவரில் தொங்கும். படத்துக்குக் கீழே பதிவு எண்ணும் கொடுத்த வீட்டின் பெயரும் இருக்கட்டும், அவர்கள் சம்மதித்திருந்தால். எங்கள் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தெரு அத்தை ஒருவர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய நெகட்டிவ் கொண்டுவந்து கொடுத்தார்.

மார்கழி பிறந்ததும் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுக்கு நடுவே ஒரு அறிவிப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள்: 'பரணில் இருக்கும் பழைய காகிதத்தை எடைக்குப் போடும் முன் மன்றத்தாரிடம் ஒருநாள் காட்டுங்கள், அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம்.' பழைய பேப்பர்க்காரரையும் உறுப்பினர் ஆக்கிவிடுங்கள். நாங்கள் அவரிடம் ஒரு குயர் நோட்டும் பேனாவும் கொடுத்திருக்கிறோம். கட்டு வாங்கும்போதே எந்த வீடு என்று அவர் எழுதிக்கொள்கிறார்.